மகாதேவி கெடுத்துப் பார்த்த பென் டிரைவ்கள்

கோப்பு பாதிதான் ஏறியிருந்தது. மகாதேவி பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“ஏய், என்னடி பண்ற?” என்று கத்திவிட்டேன். திரையில் ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு அப்படியே நின்றது. பிழை என்று ஒரு பெட்டி வந்து விழுந்தது.

“கெடுக்கிறேன்,” என்றாள் நிதானமாக. “நல்லா இருக்கையில எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கெட்ட பெறகு எது எந்திரிச்சு நிக்கிதுன்னு பாக்கணும்ல?”

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், சாக்லேட் கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அவளுடைய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. படிக்கட்டு அத்தனை ஒடுக்கம். மேலே ஏறுகிறவருக்கு எதிரில் ஆள் இறங்கினால், ஒருவர் பின்பக்கமாகவே திரும்பிப் போக வேண்டும். சீசன் நாட்களில் விடுதிக்காரர்கள் பில் போடும் கம்ப்யூட்டரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அந்தப் படியில் வரிசையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். மகாதேவி ஒவ்வொருவரையும் நன்றாகத் திட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். “தண்ணி ஊத்துனீகளா? ஊத்தலையா? அப்ப இந்த ஏலக்கா வாசம் எங்கிட்டிருந்து வருது?” என்பாள். டீயைக் கொட்டியவர் தலையைக் குனிந்துகொள்வார்.

அவள் பூம்பாறைக்காரி. வீட்டில் பூண்டும் கேரட்டும் போடுகிறார்கள். அஞ்சாம் வகுப்பு வரை அவளும் நானும் அங்கே ஒரே பெஞ்சு. பிறகு என்னைக் கொடைக்கானலில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். அவள் தமிழிலேயே படித்து, திண்டுக்கல் பாலிடெக்னிக்குக்குப் போய் வந்தாள். முதலில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அவளைப் போன் எடுக்கவும் பில் எழுதவும் மட்டும்தான் வைத்தார்கள். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரர் ஊரில் இல்லாத நேரம், ஒரு பெரிய விடுதியின் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. இவள் திருப்புளியை எடுத்துக்கொண்டு நடந்தே போனாள். மாலையில் அந்த விடுதி மேலாளர் போன் செய்து, “இனி அந்தம்மாவையே அனுப்புங்க” என்றார். அந்தக் கதையை இன்றைக்கும் வாடிக்கையாளர் யாராவது சிக்கினால் முழுசாகச் சொல்லாமல் விடமாட்டாள்.

கணவர் ஞானவேல் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். இவள் மலைமேல், அவர் மலையடியில். “எங்க வீட்டுக்குள்ளயே பஸ் ஓடுது” என்று சிரிப்பாள்.

நான் இப்போது இருப்பது ஹாலந்தில், கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிற ரோட்டர்டாமில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஒரு கவலை கூடவே வந்துவிடும். இந்தமுறை அந்தக் கவலைக்குக் கூக்கால் என்று பெயர்.

கூக்காலில் பெண்கள் குழு ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற ராஜகுமாரி பட்டப்படிப்பு முடித்துவிட்டு உருளைக்கிழங்கு போடுகிறவள். ஊர்ப் பிள்ளைகள் ஒரு விண்ணப்பம் போடுவதற்கும் கொடைக்கானலுக்குத்தான் ஓட வேண்டும். ஓடுவதற்கும் பஸ் அதிகம் கிடையாது. காலையில் விட்டால் நாளே போய்விடும். அதனால் ஊர்ப் பொதுக்கட்டடத்தின் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி இடம் வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் சென்னையில் இருக்கும் என் நண்பர்களும் பழைய லேப்டாப் ஒன்பதைச் சேர்த்து அனுப்பியிருந்தோம். ஒன்பதும் அங்கே ஒரு கட்டிலுக்கு அடியில் சாக்கு போர்த்திக் கிடந்தன. எதிலும் உள்ளே ஒன்றும் இல்லை. அனுப்பும் முன் துடைத்துவிட்டார்கள்.

அறைக்குப் பொறுப்பு சின்னச்சாமி. அவர் ஒரு நிபந்தனை போட்டார். முன்பு ஒரு ஆள் நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். அது சீக்கிரமே படுத்துவிட்டது. எழுப்ப ஆளில்லை. இப்போது அதன் மேல் பூச்சிமருந்து டப்பா இருக்கிறது. விதைக்கிழங்கைக்கூட கண்ணெதிரே அறுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறவர் சின்னச்சாமி. ராஜகுமாரி அவர் சொன்னதை எங்களுக்கு அப்படியே சொன்னாள்.

“‘கடையில வச்சு ஏதோ பண்ணிக் கொண்டாந்து காட்டுற சோலியே வேணாம். எல்லாரு முன்னாடியும், ஒன்னுமில்லாத பொட்டிய எழுப்பிக் காட்டணும். அதையும் நம்மூருப் புள்ள எழுப்பணும். ஒன்னு எந்திரிக்கலைன்னாலும் ரூமுல மூட்டைய அடுக்கிருவேன்’னு சொல்றாருக்கா. கெழங்கு வெட்டுற காலம் வந்திருச்சு. அவருக்கும் எடம் வேணும்.”

அப்படியாக அந்த அறை ஒரு பென் டிரைவில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லாவிட்டால், அதை எழுப்பி, விண்டோஸ், லினக்ஸ் போல ஒரு இயங்குதளத்தை ஏற்றப் பென் டிரைவ் வேண்டும். வழக்கமாக ஒரு டிரைவில் ஒரு இயங்குதளம்தான் வைப்பார்கள். ஆனால் அந்த ஒன்பதும் ஒன்பது விதமான வயது. கிழட்டு லேப்டாப்புக்கு இலேசான பழைய லினக்ஸ்தான் ஒத்துவரும். புதியதற்குப் புதியது வேண்டும். எழவே எழாததை என்ன கோளாறு என்று சோதிக்க வேறு ஒன்று வேண்டும். மகாதேவியின் கடையில் இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவ் என்று ஒரு கொத்தே ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நகப்பூச்சு.

“எனக்குத் தெரியும், செவப்பு எது, ஊதா எதுன்னு. ராஜகுமாரிக்குத் தெரியுமா? ஒரே டிரைவ். சொருகுனா மெனு வரணும். அதுல வேண்டியதத் தொட்டா எந்திரிக்கணும். அவ்வளவுதான்.”

எல்லாவற்றையும் ஒரே டிரைவில் ஏற்றித் தரும் மென்பொருள் எது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ரூஃபஸ் என்ற பழைய மென்பொருளே போதும் என்றேன் நான். ஒரு டிரைவுக்கு ஒன்றுதான் எழுதும். ஆனால் எழுதினால் எழுதியதுதான், பல வருடமாக நம்பிப் பழகியது. நிறம் பூசி, எண் ஒட்டிக் கொடுத்துவிடலாம்.

“ஒன்னு தொலைஞ்சா? மழையில நனைஞ்சா? ரூஃபஸ் நல்ல பயதான். ஆனா அவன் ஒத்தையாள். நமக்குக் கூட்டுக்குடும்பம் வேணும்.”

அடுத்தது மெனு கட்டித் தருகிற வகையைச் சேர்ந்த ஒன்று. அதன் பட்டியலில் தேடி, இன்னது என்று சொல்லி, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்து முடித்தால் அழகாகத்தான் இருந்தது. மூன்றாவது வென்டாய். அது டிரைவில் ஒருமுறை தன்னை ஏற்றிக்கொண்டுவிடும். அதன்பின் இயங்குதளக் கோப்புகளைப் பாட்டையும் போட்டோவையும் போடுகிற மாதிரி சும்மா நகலெடுத்துப் போட்டால் போதும். டிரைவில் என்னென்ன கோப்பு இருக்கிறதோ, அதன் பெயரெல்லாம் தானாக மெனுவில் வந்து நிற்கும்.

இணையத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று நான் கட்டுரை கட்டுரையாகப் படித்துக் காட்டினேன். மகாதேவி காது கொடுத்ததாகத் தெரியவில்லை. மூன்றையும் தயார் செய்து மேசையில் வரிசையாக வைத்தாள். பிறகு ஒவ்வொன்றையும் கெடுக்க ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். கூக்காலில் நெட் ஒழுங்காகக் கிடைக்காது. அங்கே வைத்துக் கெட்டால், ராஜகுமாரியே சரிசெய்ய முடியுமா? அதனால் பாதியில் பிடுங்கினாள். ஒரு கோப்பை வேண்டுமென்றே சிதைத்தாள். பிறகு ராஜகுமாரியைக் கடைக்கு வரவழைத்து, வைஃபையை அணைத்துவிட்டு, “இந்தா, மூணும் கெட்டுக் கெடக்கு. சரி பண்ணு” என்று சொல்லிவிட்டு, கீழே டீ குடிக்கப் போய்விட்டாள். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“பாவம்டி அந்தப் புள்ள” என்றேன்.

“நீ மேல நின்னா வாயி சும்மா இருக்காது. சொல்லிக் குடுத்துருவ.”

நாங்கள் திரும்பியபோது ராஜகுமாரி சிரித்துக்கொண்டிருந்தாள். ரூஃபஸ் டிரைவை முழுசாகத் துடைத்து மறுபடி எழுதியிருந்தாள். ஆனால் அது ஒன்றுக்குத்தான் ஆகும். மெனு வகையில் பட்டியலுக்குள் எங்கேயோ சிக்கி நின்றுவிட்டாள். மூன்றாவதில் கெட்ட கோப்பு ஒன்று மட்டும்தான் எழவில்லை. மற்றதெல்லாம் எழுந்தது. கெட்டதை அழித்துவிட்டு, நல்ல நகலைப் போட்டிருந்தாள்.

“இது பாட்டுப் போடுற மாதிரிதானக்கா இருக்கு? இதுல என்ன கஷ்டம்?”

மகாதேவி என்னைப் பார்த்து இரண்டு புருவத்தையும் தூக்கினாள். அதோடு சண்டை முடிந்தது.

வென்டாயை அதன் சொந்தத் தளத்திலிருந்துதான் இறக்கினோமா, கோப்பு வழியில் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண் ஒத்துப்போகிறதா என்று நான் மறுபடி பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் பார்த்தேன். “கடலுக்குக் கீழ குடியிருக்கிறவளுக்கு எதப் பாத்தாலும் முங்கிருமோன்னு பயம்” என்றாள் அவள். ஆனால் அந்த எண்களை என்னோடு சேர்ந்து வாசிக்கவும் செய்தாள். பிறகு கோப்புகளின் பெயரை மாற்றினாள். மெனுவில் பெயர்தானே வரும்? பழைய லேப்டாப்புக்கானது ‘பழசு’. புதியதற்கு ‘புதுசு’. சோதிக்கிறது ‘டாக்டர்’. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்.

“இனி எது எதுன்னு எவன் வந்து கேப்பான்?” என்றாள்.

போகிற அன்றைக்கு வெள்ளனே கிளம்பினோம். சிவமுருகனின் ஜீப். அவன் பூம்பாறைக்கும் கூக்காலுக்கும் ஓட்டுகிறவன். அவனுடைய ஜீப்பில் பாட்டு நிற்பதே இல்லை. டேஷ்போர்டில் சொருகிய பென் டிரைவிலிருந்து காவடிப் பாட்டு, கல்யாணப் பாட்டு, அழுகைப் பாட்டு எல்லாம் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. பூம்பாறையின் அடுக்கு வயல்களைத் தாண்டியதும் மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு வழி முழுவதும் ஒரே நினைப்பு. பென் டிரைவ் வேலை செய்யாவிட்டால்? அதனால்தான் முன்தினமே அதேபோல் இன்னொன்றைத் தயார் செய்து என் கைப்பையில் வைத்திருந்தேன். கையை உள்ளே விட்டு அது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அறை வாசலில் மாவிலை கட்டியிருந்தது. உள்ளே ஒன்பது லேப்டாப்பும் வரிசையாக, பெஞ்சில். பெண்கள் கூட்டம். வாசலுக்கு வெளியே சின்னச்சாமி, அவருக்குப் பின்னால் கிழங்கு மூட்டைகளோடு ஒரு டெம்போ. மூட்டையை இறக்க ஆட்கள் தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்கம்மா. எம்புட்டு நேரமாகும்?” என்றார் சின்னச்சாமி.

“மூட்டைய எறக்கிறாதீங்க மாமா, திருப்பி ஏத்தணும்” என்றாள் மகாதேவி.

பூஜை போடாமல் புதுச் சாமான் எதையும் தொடக்கூடாது. குழுவில் மூத்தவர் வீரம்மாள் தட்டோடு வந்தார். தேங்காய், வெற்றிலை, சூடம், கிண்ணம் நிறையக் கரைத்த சந்தனம். “மெயினான சாமானத் தட்டுல வைங்கம்மா” என்றார். மகாதேவி பென் டிரைவை வைத்தாள். வீரம்மாள் முகத்தைச் சுளித்தார்.

“ஒத்தையா வைக்கக் கூடாது. சோடியா வைக்கணும். இன்னொன்னு இல்லையா?”

என் கைப்பையில் இருந்த இரண்டாவது டிரைவும் தட்டுக்குப் போயிற்று.

சூடம் காட்டி முடிந்தது. எல்லா லேப்டாப்புக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், மூடியின் மேல்தான். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. நான் ராஜகுமாரியோடு பேசிக்கொண்டிருந்தேன். மகாதேவி கரண்ட் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால், வீரம்மாள் இரண்டு டிரைவின் மூடியையும் கழற்றி, உள்ளே போகிற இரும்பு முனையில் கட்டைவிரலால் சந்தனத்தை நன்றாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

“அத்தே!” என்று அலறினாள் மகாதேவி.

“என்னடி கத்துற? மொகத்துலதான வைக்கணும்?”

“அது மொகமா?”

“பின்ன? மூடியத் தொறந்தா உள்ளதான மொகம் இருக்கு? வால்லயா பொட்டு வைப்பாக?”

அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

துணியால் துடைத்தோம். முனைக்குள் போன சந்தனம் வரவில்லை. குச்சியால் நோண்டினோம். ஈரம் இன்னும் உள்ளே போனது. வெயிலில் காயவைக்கலாம் என்றால் வெயில் எங்கே? ஏரிப் பக்கமிருந்து பனி கூட்டமாக ஏறி வந்துகொண்டிருந்தது. அப்படியே சொருகிப் பார்த்துவிடலாமே என்றாள் ஒரு பெண். “ஈரத்தோட சொருகுனா லேப்டாப்புல சொருகுற பொத்தும் போயிரும். அதத் தொடமாட்டேன்” என்று மகாதேவி இரண்டையும் ஒரு தாளில் மடித்து வைத்தாள்.

வெளியே சின்னச்சாமி தொண்டையைச் செருமினார். டெம்போவின் பின்பக்கக் கதவு திறந்து, இரண்டு மூட்டை தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. ராஜகுமாரியின் முகம் வெளுத்துவிட்டது. வீரம்மாள் கிண்ணத்தைப் பிடித்தபடி, “நான் என்னத்தக் கண்டேன்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மகாதேவி மட்டும் காது கொடுத்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். ஜீப்பில் காவடிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“சிவமுருகா!” என்று ஒரு கத்து. “ஒம் பாட்டு டிரைவக் குடு.”

சிவமுருகன் கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டான். “அக்கா, என் உசிரக் கேளுங்க, தாரேன். இதக் கேக்காதீங்க. எல்லாம் தேடித் தேடிச் சேத்த பாட்டு.”

“ஒன் உசிரு எத்தன ஜிபிடா? முப்பத்திரண்டு இருக்குமா?”

“இருக்கும்க்கா.”

“அப்பப் போதும். குடு. ஒரு பாட்டுக்கூடப் போகாது. போச்சுன்னா ஒன் ஜீப்புல நான் உக்காந்து பாடிக்கிட்டே வாரேன்.”

“அய்யய்யோ, அதுக்குப் பாட்டே போகலாம்” என்றான். ஆனாலும் கொடுத்துவிட்டான்.

மகாதேவி தன் லேப்டாப்பை எடுத்தாள். கோப்புகள் எல்லாமே, வென்டாய் உட்பட, அதில் ஒரு கோப்புறையில் இருந்தன. நெட் தேவையில்லை. முதலில் சிவமுருகனின் பாட்டு முழுவதையும் தன் லேப்டாப்புக்கு மாற்றினாள். அவன் தோளுக்கு மேலே நின்று ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தான். வென்டாய் ஏறும்போது டிரைவில் இருப்பதை எல்லாம் அழித்துவிடும் என்று எச்சரித்தது. சிவமுருகன் கண்ணை மூடிக்கொண்டான்.

அங்கே நான் ஒன்று சொன்னேன். “மகாதேவி, வழக்கமான ஃபார்மேட்டுல ஏத்துனா ஜீப் பிளேயருக்குப் படிக்கத் தெரியாது. பழைய வகையில போடு, ஃபேட் முப்பத்திரண்டு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். “அதுல பெரிய கோப்பு ஏறாதே?”

“விண்டோஸ் மட்டுந்தான் பெரிசு. அது இன்னிக்கு வேணாமே.”

“ஆலந்துக்காரிக்கும் பயம் போனா மூளை வேல செய்யுதுப்பா” என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள். அந்த வகையையே தேர்ந்தெடுத்தாள். பழசு, புதுசு, டாக்டர் மூன்றும் ஏறின. பிறகு பாட்டுகளும் அதே டிரைவில், பக்கத்திலேயே, ஒரு தனிக் கோப்புறையாக ஏறின. கோடு மெல்ல நகர்ந்தது. மூட்டை இறக்குகிறவர்கள் உள்ளே வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் இருந்த டீயை ஊதிக்கொண்டே, “ரேசு மாதிரி இருக்கு” என்றார்.

“வெரசா எடும்மா, நேரமாகுதுல்ல” என்றார் சின்னச்சாமி.

“இருங்க மாமா. பாதியில பிடுங்குனா என்னாகும்னு எனக்குத்தான் தெரியும்.” ‘இனி எடுக்கலாம்’ என்று திரை சொல்லும் வரைக்கும் அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

முதல் இரண்டை மகாதேவி எழுப்பிக் காட்டலாம், அப்புறம் ஊர்ப் பிள்ளைதான் என்று சின்னச்சாமி விட்டுக்கொடுத்திருந்தார். முதல் லேப்டாப் கிழடு. பொத்தானை அழுத்தி, டிரைவிலிருந்து எழச் சொன்னாள். கறுப்புத் திரை. அப்புறம் மெனு. பழசு, புதுசு, டாக்டர். அவள் ‘பழசு’ மேல் நின்று தட்டினாள். எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. ஒரு பச்சை மலைப் படத்தோடு திரை விரிந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

இரண்டாவதும் எழுந்தது. மூன்றாவது புதியது. அதில் மெனு வரவில்லை. திரை முழுக்க நீலமாகி, சரிபார்ப்பு தோற்றது என்று இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது.

“நீலம் பாரிச்சிருச்சு. பாம்பு கடிச்ச மாதிரி. முடிஞ்சுச்சுல்ல?” என்றார் சின்னச்சாமி. அவர் குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

“முடியல மாமா. புது லேப்டாப்புக்கு வாசக்காவல் உண்டு. தெரியாத ஆள உள்ள விடாது. யாருன்னு கேக்குது. நாம சொல்லணும்.” அவள் ராஜகுமாரியைக் கூப்பிட்டாள். “வாடி. இதுதான் ஒனக்கு. கடையில பண்ணுனோம்ல?”

ராஜகுமாரி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரி என்பதை அழுத்தினாள். சாவியைப் பதிவுசெய் என்பதைத் தேர்ந்தெடுத்தாள். டிரைவில் வென்டாய் தனக்கென ஒதுக்கிவைத்த சிறிய பகுதிக்குள் போய், இதைத்தான் பதிய வேண்டும் என்று தன் பெயரிலேயே சொல்கிற கோப்பைத் தொட்டாள். தொடர்க. ஆம். மறுபடி துவக்கு. லேப்டாப் அணைந்தது.

மெனு வந்தது.

“இனி இந்த லேப்டாப் இவளக் கேக்காது. ஒரு தடவ சொன்னாப் போதும்” என்றாள் மகாதேவி. சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்கு வந்து, சின்னச்சாமிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “மீதி எல்லாம் அவதான். நான் தொடமாட்டேன்.”

மீதியையும் ராஜகுமாரி எழுப்பினாள். ஒன்றை எழுப்பி, அதற்குள் லினக்ஸை ஏற்றிவிட்டு, டிரைவைப் பிடுங்கி அடுத்ததற்கு. ஒன்றில் மெனு வந்தது, ஆனால் ‘பழசு’ம் எழவில்லை, ‘புதுசு’ம் எழவில்லை. அவள் திரும்பி மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராஜகுமாரி ‘டாக்டர்’ போட்டாள். உள்ளே மெமரிப் பட்டையில் கோளாறு என்று காட்டியது. மகாதேவி கடையில் சொல்லிக்கொடுத்தபடி பின்மூடியைக் கழற்றி, பட்டையை எடுத்து, முனையை அழி ரப்பரால் துடைத்து, அழுத்திச் சொருகினாள். எழுந்தது. பெண்கள் விசிலடித்தார்கள், அதில் வீரம்மாளுடையதுதான் உரத்த விசில்.

கடைசி லேப்டாப்பில் ராஜகுமாரி தமிழ் விசைப்பலகையை வைத்து, ஒரு வரி தட்டிவிட்டு, சின்னச்சாமியை உள்ளே கூப்பிட்டாள். அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். திரையில் பெரிய எழுத்தில் கூக்கால் என்று இருந்தது.

“நாளைக்கு இது படுத்துருச்சுன்னா?”

“நான் எழுப்புவேன் பெரியப்பா.”

“நீ இல்லைன்னா?”

“நம்ம குழுவுல இருக்க சின்னத்தாயிக்கும் சொல்லிக் குடுத்துருவேன். பாட்டுப் போடத் தெரிஞ்சா இது தெரியும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். மூட்டைக்காரர்களைப் பார்த்து, “ஏலே, எறக்குன ரெண்டையும் ஏத்துங்கடா. எங்க வீட்டு மாட்டுக்கொட்டாயில எடம் கெடக்கு” என்றார். திரும்பி வந்து அறைச் சாவியை ராஜகுமாரிக்குப் பக்கத்தில் பெஞ்சில் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவருடைய விழா உரை.

சிவமுருகனுக்குப் புது டிரைவ் வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டான். அவன் டிரைவில் பாட்டும் அப்படியே இருந்தது, ஜீப்பும் படித்தது. “என் பாட்டு டிரைவு ஒன்பது லேப்டாப்ப எழுப்பிருக்குக்கா. இத எங்கிட்டயே குடுங்க, நாளைக்கு இன்னொன்னுல ஏத்தி அவுகளுக்குக் குடுங்க” என்றான். பிறகு அதே பெருமையைக் கூக்காலிலிருந்து மன்னவனூர் வரை எதிரில் வந்த வண்டிகளையெல்லாம் நிறுத்திச் சொன்னான்.

நான் விமானம் ஏறுவதற்கு முன் ஒருநாள், மகாதேவியின் கடையில் உட்கார்ந்திருந்தேன். படிக்கட்டில் மூன்று பேர் காத்திருந்தார்கள். போன் அடித்தது. ராஜகுமாரி. யாரோ பிள்ளை எதையோ அழுத்தி ஒரு லேப்டாப் கறுப்பாகிவிட்டதாம். மகாதேவி பதறி எழுந்து பையைத் தேடினாள். கூக்கால் பஸ் போய்விட்டதா என்று என்னிடமே கேட்டாள்.

“எதுக்குக்கா பஸ்ஸு? அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எழுப்பிட்டேன். நான்கூட இல்ல, சின்னத்தாயி எழுப்புனா.”

மகாதேவி பையைக் கீழே வைத்தாள். ஒரு நொடி அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது என்று நினைக்கிறேன். அப்புறம் போனை மேசை நடுவில் வைத்து, சத்தத்தை முழுசாகக் கூட்டினாள்.

“இன்னொரு தடவ சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். படியில நிக்கிற ஆளுகளுக்கும் கேக்கணும். யாரு எழுப்புனது?”